பிணை முடியும் மாதம்

ஜூலை 12, சனி

விடிந்ததும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாய்க்குள் மணல். உடுப்பெல்லாம் பத்து மணிக்கே காய்ந்தது. மின்விசிறியை நிறுத்தி வைத்தேன்.

இந்த டயறி மூன்று வருடம் பழையது. வங்கி இலவசமாகத் தந்தது. கிழமையை வெட்டித் திருத்தி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

கல்லடிக் கடற்கரைக்கு எட்டரைக்குப் போனேன். ஆறரைக்குப் போனால் வியாபாரிகளோடு போட்டி. எட்டரைக்கு மிஞ்சிய மீன் கூறு பாதி விலை.

"மிஸ் வந்திட்டா. இனி நமக்கு லாபமில்ல" என்றார் வலை உதறிக்கொண்டிருந்தவர். "பென்சன் எடுத்த பிறகாவது முழு விலைக்கு வாங்குவீங்களா?"

"அப்ப மீன் தின்னப் பல்லிரிக்காது" என்றேன்.

சிரித்தார். இரண்டு சூடை மீன் கூடுதலாகப் பைக்குள் விழுந்தன.

இந்த வாரம்:
கந்தோருக்கு நடை, போக வர, ஐந்து நாள். மிச்சம் பிடித்த பஸ் காசு ரூ. 400 உண்டியலாக வைத்திருக்கும் பால்மா ரின்னுக்குள்.
பாண் இல்லை. காலையில் பிட்டு.
காஸ் சிலிண்டர் மார்ச்சில் பூட்டியது. இன்னும் எரிகிறது. சோறு வெளி அடுப்பில், தேங்காய்ப் பொச்சுமட்டையில்.
பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்தேன். இன்னும் ஐந்து நாள் வரும்.

சுகந்தியின் கடன் முடிய மூன்று மாதம். ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர். முடிகிற நேரத்தில் திரும்பிப் பார்க்க, ஒருமுறை முழுதாக எழுதி வைக்கிறேன்.

கடன் என்னுடையது அல்ல. சுகந்தி எங்கள் அரசாங்கக் கந்தோரில் பக்கத்து மேசை. வீடு திருத்த வங்கிக் கடன் எடுத்தாள். நானும் அதே கந்தோரில் வேலைசெய்யும் பரீதா ராத்தாவும் பிணைக் கையெழுத்து வைத்தோம். அரசாங்க உத்தியோகத்தர் நாங்கள் ஒருவருக்கொருவர் அப்படித்தான். என் வீட்டுக் கடனுக்கு ராத்தா வைத்தார். அவருடையதற்கு நான் வைத்தேன். தேநீர் வாங்கிக் கொடுப்பதுபோல. படிவத்தை வாசித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு. பொருளியலில் பட்டம் எடுத்தவள் நான். வாசிக்கவில்லை.

பொருளாதார நெருக்கடிக்கு முந்திய வருடம் சுகந்தி சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போனாள். அரை வருடம் ஒழுங்காகக் கட்டினாள். பிறகு கட்டவில்லை. பிறகு போன் இலக்கமும் இல்லை. வங்கிக் கடிதம் எனக்கொன்று, ராத்தாவுக்கொன்று, ஒரே நாளில் வந்தன. மாதத் தவணை 24,000. ஆளுக்குப் பாதி. சம்பள நாளில் இருவரும் ஒரே உறையில் காசைப் போடுவோம். மாறி மாறி ஒருவர் கொண்டுபோய்க் கட்டுவோம்.

அன்றைக்கு வீட்டில் இவர், என் கணவர், என்னை ஏசவில்லை. "இனி ஒருத்தருக்கும் வைக்காத" என்றார். அடுத்த நாள் காலையில் தன் தேநீரில் சீனி வேண்டாம் என்றார். டொக்டர் சொன்னாராம். எந்த டொக்டர் என்று நான் கேட்கவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

குருக்கள்மடத்தில் எங்கள் கந்தோர் நடத்தும் சிறுசேமிப்பு வகுப்பு. பெண்கள் இருபத்தொரு பேர். பள்ளிக்கூட மண்டபத்தின் தகரக் கூரை காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

மேலிடத்திலிருந்து வந்த துண்டுப் பிரசுரம்: கடனின்றி வாழப் பத்து வழிகள். ஒரு பக்கம்தான் அச்சு. நாலாவது வழி, வாங்கும் முன் இது தேவையா ஆசையா எனக் கேட்டுக்கொள்ளவும். ஏழாவது, தினமும் ஒரு சிறு தொகையை உண்டியலில் இடவும்.

முன்வரிசையில் இருந்த அம்மா கையைத் தூக்கினார். "ஒரு நாளைக்குப் பத்து ரூவா போட்டா மிஸ், ஒரு வருசத்தில என்ன வாங்கலாம்?"

"மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபா இருக்கும்."

"தேங்கா எத்தின வரும்?"

"ஒரு பதினெட்டு, இருபது."

"அப்ப ஒரு வருசம் சேத்து ஒரு மாசம் சம்பல் அரைக்கலாம்" என்றார் பக்கத்திலிருந்தவர். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்தப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. வாரத் தவணை கேட்டுக் கடன்காரன் வாசலுக்கு வருகிற நாளில், கையில் ஒன்றுமில்லை என்று காட்ட அரிசிப் பானையைக் காலிசெய்து வைக்கத் தெரிந்தவர்கள்.

முடிகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒருத்தி, முப்பது வயதிருக்கும்: "மிஸ் கடனில்லாமலா இரிக்கிறீங்க?"

"ஓம்" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த ஓமைக் கணக்குப் பார்த்தேன். இன்னும் மூன்று மாதத்தில் அது உண்மையாகும். மூன்று மாதம் முந்திச் சொன்ன உண்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சிய பிரசுரங்களைக் கொண்டுவந்தேன். பின்பக்கம் வெள்ளை. ஒரு வருடத்துக்கு எழுதக் காணும்.


ஜூலை 17, வியாழன்

கந்தோரில் காலையிலிருந்து ஒரே பேச்சு. பரீதா ராத்தா ஆறு லட்சம் கடன் எடுக்கப் பார்க்கிறார். பிணைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவரும் இல்லை.

அவருடைய சின்ன மகள் ஸஹ்றாவுக்குப் பெருநாளோடு சம்பந்தம் பேசி முடிந்தது. காத்தான்குடியில் மகளுக்கு வீடு கொடுத்தாக வேண்டும். எங்கள் பக்கமும் அப்படித்தானே. ராத்தாவின் கீழ் வீடு மூத்த மகளுக்கு எழுதியாகிவிட்டது. மேலே தட்டுப் போட்டுத் தூண்கள் நிற்கின்றன. சுவர் இல்லை.

முரளி, கணக்குக் கிளை, தேநீர் நேரத்தில்: "ராத்தா, குறை நினைக்காதீங்க. உங்க ரெண்டு பேரயும் பாத்த பிறகு நான் என்ட சொந்தத் தம்பிக்கும் வைக்க மாட்டன்."

"நீ வைக்காட்டியும் தம்பிக்காரன் தப்பிருவான்டா. உன்ட கையெழுத்து உனக்கே வாசிக்க ஏலாதே" என்றார் ராத்தா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி தன் மேசைக்குப் போனார்.

வங்கி வட்டி அவருக்கு விருப்பமில்லாத விடயம். முன்பு சொல்லியிருக்கிறார். "மார்க்கத்தில கூடாத வேல, சாந்தி. வேற வழி தெரிஞ்சா காட்டு."

காலையிலிருந்து நாலு பேரிடம் கேட்டார். என் மேசையைத் தாண்டி இரண்டு முறை போனார். என்னிடம் கேட்கவில்லை.


ஜூலை 20, ஞாயிறு

காற்று. தலையிடி.

ராத்தா பிணை கேட்டால் என்ன சொல்வது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். எழுதிப் பார்த்தேன்:

ராத்தா, இவருக்கு வாக்குக் குடுத்திட்டன்.
ராத்தா, என்ட சம்பளத்தில இனி இடமில்ல.
ராத்தா, உங்களில நம்பிக்கை இல்லாம இல்ல.

மூன்றாவது மோசம். அதைச் சொன்னவுடன் நம்பிக்கை இல்லை என்றுதான் விளங்கும். சுகந்தியிலும் நம்பிக்கை இருந்தது.

உண்மையில் நம்புகிறேனா? ராத்தா ஓடிப்போக மாட்டார். நாற்பது மாதத்துக்கு மேலாக ஒரு சம்பள நாளும் தவறாமல் என் மேசைக்கு உறையோடு வந்தவர். ஆனால் அவருக்கு ஐம்பத்து நாலு வயது. கடன் ஐந்து வருடம். வாழ்க்கை ஒரு படிவத்தையும் வாசித்துவிட்டு வருவதில்லை.

இவர் தபால் கந்தோருக்குப் போடும் சப்பாத்துக்குத் தானே பசை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பரீதா ராத்தா கடன் எடுக்கிறாவாம்" என்றேன்.

கையை நிறுத்தவில்லை. "உன்னட்டக் கேட்டவவா?"

"இல்ல."

"கேக்க மாட்டா" என்றார். பசைக் குழாயின் மூடியைக் கவனமாகப் பூட்டினார். காய்ந்துவிட்டால் நூற்றைம்பது ரூபா.

கேட்கமாட்டார் என்று இவர் சொன்னது ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை.


ஜூலை 23, புதன்

ராத்தா இன்று மேசைக்கு வந்தார். வாக்கியங்கள் மூன்றும் வரிசையாக வாயில் நின்றன.

"சாந்தி புள்ள, வெள்ளிக்கிழம பேங்குக்கு நான் போறன். நீ அலையாத."

"இந்த மாதம் என்ட முறை, ராத்தா."

"உனக்குக் களுதாவளையில கிளாசு இரிக்கெண்டாய்."

"அது மத்தியானத்தோட முடியும். பேங்கடியால வந்தா சரி."

"வெயிலுக்குள்ள எதுக்கு? நான் போறன் எண்டு சொல்றனே."

வழக்கத்தில் என் முறையை ராத்தா ஞாபகப்படுத்துவார். இன்று பிடிவாதமாக நின்றார். பிறகு யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். பிணை பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்டு முடிந்துவிட்டது போலும். படிவம் அவருடைய மேசையில், தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குத்திக்குக் கீழே கிடக்கிறது. பிணையாளர் 1, பிணையாளர் 2. இரண்டு கட்டமும் வெள்ளை.

ரின்னை எண்ணினேன்: 24,360. ஆகஸ்ட்டும் செப்டெம்பரும் இதற்குள் இருக்கின்றன. அம்மா செத்த மாதமும் அடுத்ததும் என் பாதியைக் கட்ட முடியவில்லை. செத்த வீடு, முப்பத்தோராம் நாள், எல்லாம் என் தலையில். அப்போது ராத்தா மனேஜரோடு கதைத்தார். அந்த இரண்டு மாதத் தவணையையும் கடைசியில் சேர்த்துக் கட்டலாம் என்று மனேஜர் சம்மதித்தாராம். அந்தக் கடைசிதான் இது. நடந்து நடந்து சேர்த்தது.


ஜூலை 25, வெள்ளி

களுதாவளை வகுப்பு பதினொன்றரைக்கே முடிந்தது. பிரசுரத்தின் பத்து வழிகளுக்குப் பிறகு என்பாட்டில் ஒன்று சேர்த்தேன்: எதிலாவது கையெழுத்து வைக்கும் முன் முழுவதையும் வாசியுங்கள், எதிரே இருப்பவர் முகம் சுளித்தாலும். ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை.

ராத்தாவுக்கு முந்தி வங்கிக்குப் போகவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. காலையில் அவருடைய பாதியை உறையில் போட்டுத் தந்தார். அவருடைய மகன்வழிப் பேரனுக்குக் காய்ச்சலாம், அரைநாள் லீவு. "திங்கக்கிழம நானே கட்டுறன், உறைய வச்சிரு" என்றார். தவணை ஒரு நாள் பிந்தினாலும் தண்டம் உண்டு. எனக்குத் தண்டம் பிடிக்காது.

வங்கியில் சனம். இலக்கம் 87. குளிரூட்டி இருந்ததால் காத்திருந்தது கஷ்டமில்லை.

காசை எண்ணிய பிள்ளை கணினியைப் பார்த்தாள். "முடிஞ்சுது மிஸ்."

"இந்த மாதத்தினதா?"

"கடன். இதுதான் கடைசித் தவணை. பிணை விடுவிப்புக் கடிதம் ரெண்டு பேருக்கும் தபாலில வரும்."

"இன்னும் ரெண்டு மாதம் இருக்கே."

மறுபடியும் பார்த்தாள். "இல்ல மிஸ். ஒரு மாசமும் விடுபடல்ல. பிந்தினதுகூட இல்ல."

விவரம் கேட்டேன். அச்சடித்துத் தந்தாள். நாங்கள் கட்டத் தொடங்கியது முதல் நாற்பத்து நாலு வரி. அம்மா செத்த மாதம்: 24,000. அடுத்த மாதம்: 24,000. எங்கள் கையிலிருக்கும் துண்டுகளில் அன்றன்று கட்டிய தொகை மட்டும்தான் இருக்கும், மீதி இராது. அதனால் இவ்வளவு காலமும் எனக்குத் தெரியவில்லை.

என் கணக்குக் கொப்பியில் நாற்பத்திரண்டு வரி.

"சந்தோசமா இரிக்குமே மிஸ்" என்றாள் பிள்ளை. அடுத்த இலக்கத்தை அழுத்தினாள்.

பாலத்தில் நடந்து வந்தேன். பழைய பாலத்தில். வாவி முழுக்கக் காற்று சுருக்கிய தண்ணீர். கடன் முடிந்த நாளில் என்ன செய்வது என்று எத்தனையோ தடவை நினைத்து வைத்திருந்தேன். ஒரு ஐஸ்கிறீம். பஸ்ஸில் வீடு. ஒன்றும் செய்யவில்லை.


ஜூலை 26, சனி

கடற்கரைக்குப் போகவில்லை. பருப்பு.

அந்த இரண்டு மாதத்தையும் நினைவில் கொண்டுவரப் பார்க்கிறேன். செத்த வீட்டுக்கு ராத்தா மூன்று நாளும் வந்தார். சமையலுக்குள் நிற்கவில்லை, வாசலில் கதிரை ஒழுங்குபடுத்தினார். இரண்டு மாதம் கழித்து, கந்தோரில், கோப்பு ஒன்றை நீட்டிய கையில் ஒரு தங்கக் காப்பு. முன்பு இரண்டு.

"மற்றது?" என்று கேட்டேன். அது நிச்சயம் ஞாபகம்.

"இறுகிப்போச்சு புள்ள. வயசு போகப் போகக் கை பருக்குதே."

அந்தக் கை பருக்கவில்லை. நான் பார்த்தேன், நம்பினேன். ஒவ்வொரு சதத்தையும் கொப்பியில் போடுகிறவள். நம்புவது அப்போது வசதியாக இருந்தது.

ஆக, கடன் முடியவில்லை. ஆள் மாறியிருக்கிறது. ரூ. 24,000. இரண்டு வருடத்துக்கு முந்திய 24,000. காப்பின் விலை இன்றைக்கு வேறு.

புதன்கிழமை ராத்தா ஏன் வங்கிக்குத் தானே போகிறேன் என்று நின்றார் என்பதும் விளங்கிவிட்டது.

பிணைக்கு ஆள் தேடி நாலு பேரிடம் போனவர், தனக்குக் கடன்பட்ட என்னிடம் மட்டும் வரவில்லை.


ஜூலை 28, திங்கள்

ரின்னிலிருந்து 24,000 எடுத்துப் பழைய உறையில் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் கோப்பறையில் ராத்தா தனியாக இருந்தார். விவரத் தாளை முன்னால் வைத்தேன். அந்த இரண்டு வரிகளுக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தேன்.

பார்த்தார். முந்தானையை இழுத்துத் தலையில் சரியாக்கினார்.

"அந்தப் பேங்குப் புள்ள வாய வச்சிக்கிட்டு இருக்க மாட்டாளே" என்றார்.

"ஏன் பொய் சொன்னீங்க ராத்தா?"

"உண்மையச் சொல்லியிருந்தா வாங்கியிருப்பாயா?"

"கடனாக வாங்கியிருப்பன்."

"அதான் சொல்லல்ல."

உறையை நீட்டினேன். வாங்கவில்லை. மேசையில் வைத்தேன். அதைத் தொடாமல் தன் சாப்பாட்டுப் பெட்டியை அங்கால் நகர்த்தினார்.

"இதை எடுங்க. எனக்கு ஒருத்தருக்கும் கடனில்லாம இருக்க வேணும். நாலு வருசமா அதுக்காகத்தான்..." குரல் உயர்ந்துவிட்டது. வெளியே முரளியின் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"மெதுவா புள்ள" என்றார். "நீ எனக்குக் கடனில்ல. நான் கடன் குடுத்தா எழுதுவன். அத எழுதி வைக்கச் சொல்லித்தான் எங்களுக்கு மார்க்கத்தில இரிக்கி, ரெண்டு சாட்சி வச்சி. என்ட வாப்பா கடையில ஒரு நூல்பந்து கடன் குடுத்தாலும் எழுதுவார். உனக்குத் தந்தத எழுதல்ல. அப்ப அது கடனில்ல."

"அப்ப என்ன?"

"உம்மா மவுத்தான வீட்டுக்குக் கொண்டுவந்தது. கையில கொண்டுவந்தா வாங்க மாட்டாய். பேங்கில குடுத்தன்."

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சோறும் மாசிச் சம்பலும். பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளினார். "தின்னு. மறுகா சண்ட பிடிக்கலாம்."

தின்றேன். வேறு என்ன செய்வது.

போகும்போது உறையை என் கைப்பைக்குள் அவரே வைத்தார்.


ஜூலை 29, செவ்வாய்

ராத்தாவின் மேசையில் படிவம் இல்லை. குப்பைக் கூடையில் நாலாகக் கிழிந்து கிடந்தது. ஒரு பக்கம் வெறுமையான நல்ல தாள். எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை.

முரளி சொன்னான், மாப்பிள்ளை வீட்டார் மார்கழி வரை பொறுப்பார்களாம். அதற்குள் மேலே ஒரு அறையும் குசினியும் இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்கள்.


ஜூலை 31, வியாழன்

அடுத்த சம்பளத்தின் கணக்கில் 12,000 கொப்பியில் சும்மா கிடக்கிறது. இனித் தவணைக்கு வேண்டாத முதல் 12,000. என்ன செய்வதென்று தெரியாத காசு. மனம் தானாக அதை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை எண்ணுகிறது. நாலு வருடத்தில் பழகிப்போன கணக்கு. இன்றும் நடந்துதான் போனேன். பஸ் பக்கத்தில் நின்று ஹோன் அடித்தது. ஏறவில்லை.

காலையில் இவருடைய தேநீரில் ஒரு கரண்டி சீனி போட்டேன். சொல்லாமல். ஒரு மிடறு குடித்தார். கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"ஓம்." பிறகு மற்றதையும் சொன்னேன். நாற்பத்து நாலு வரி, காப்பு, உறை. இவ்வளவு நேரம் தொடர்ந்து நான் கதைத்ததில்லை. தேநீர் ஆறிவிட்டது.

"அப்ப இனி கையெழுத்தா?" என்றார்.

"இல்ல. கையெழுத்து வைக்க மாட்டன். உங்களுக்குச் சொன்னது அப்படியே இரிக்கு. காசு குடுக்கலாமெண்டு நினைக்கிறன். அந்தப் பன்னிரண்டாயிரத்த. மாதாமாதம், ஒரு வருசத்துக்கு. பேங்குக்குக் கட்டின மாதிரி."

"ஆறு லட்சத்துக்குக் காணாதே."

"காணாது."

"திரும்பி வருமா?"

"தெரியாது."

வெளியே போய் மீதித் தேநீரை வாழையடியில் ஊற்றினார். உள்ளே வந்து, "ஒரு பங்கு முந்தியே வந்திட்டுதே" என்றார்.

"இன்னும் ஒரு வருசம் நான் நடக்க வேணும். கடற்கரையில எட்டரை மணி மீன். பொச்சுமட்டை அடுப்பு."

"நட. நான் என்ன சீனியா கேட்டன்?" சைக்கிளை எடுத்தார். "வாய்க்குள்ள ஒரே சீனிப்பாணி. மனுசன் குடிப்பானா இத."


ஆகஸ்ட் 3, ஞாயிறு

இவரோடு காத்தான்குடிக்கு. இவர் சைக்கிளில், நான் பின்னால். இந்த வயதில். சந்தியில் இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள்.

ராத்தா வீட்டு மாடிப்படிக்குக் கைபிடி இல்லை. மேலே தூண்கள், துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி. கொடியில் உடுப்பு. ஸஹ்றா வந்து, "இது என்ட வீடு ஆன்ரி. காற்றோட்டம் நல்லம்" என்றாள். தாயின் வாய்.

கீழே கதிரையில் ராத்தாவும் கணவரும். கணவர் புடவைக் கடையில் கணக்கு எழுதுபவர், குறைவாகக் கதைப்பார். சொல்ல வந்ததைச் சொன்னேன். பிணை இல்லை, வட்டி இல்லை. என் பாதி மாதம் 12,000. ராத்தாவும் தன் பாதியை இனி வங்கிக்குக் கட்டத் தேவையில்லை. இரண்டும் ஒரே உறையில், முந்தி மாதிரியே 24,000. இந்த முறை மேசன் கையில். முதல் மாதத்துக்கு ரின்னிலிருந்த 24,000 கூடுதலாக.

ராத்தா கணவரைப் பார்த்தார். கணவர் விரலை மடக்கினார். "மார்கழிக்குள்ள ஒரு அறைக்கும் குசினிக்கும் சுவர் எழும்பும்" என்றார். "கூர தகரம்தான்."

"தகரத்துக்குள்ள மாப்பிள அவிஞ்சிருவான்" என்றார் ராத்தா. "அவியட்டும். பொண்ணு வேணுமெண்டா அவியணும்."

"உம்மா!" என்றாள் ஸஹ்றா.

பிறகு ராத்தாவின் முகம் மாறியது. "ஆனா சாந்தி, இது கடன். அது வேற, இது வேற. இத எழுதணும்."

"எனக்கு எழுத்து வேணாம் ராத்தா."

"உனக்கு வேணாமெண்டா போ. எனக்கு வேணும். நான் மவுத்தானா என்ட புள்ளைகள் குடுக்கணுமே." சொல்லும்போது சிரிப்பில்லை. "ரெண்டு சாட்சியும் இரிக்கி. உன்ட ஆள், என்ட ஆள். ஸஹ்றா, பேப்பர் எடு."

வீட்டில் நல்ல தாள் இல்லை. என் கைப்பைக்குள் இருந்தது. நீட்டினேன். ஸஹ்றா திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்ரி, இதில கடன் வாங்காதீங்கெண்டு பத்து வழி போட்டிரிக்கி."

"மற்றப் பக்கத்தில எழுது மகள்."

அழகான எழுத்து. தொகை எழுத்திலும் எண்ணிலும். எப்போது தொடங்கும், எப்போது திருப்பும், ஒருவர் இறந்தால் யார் பொறுப்பு. வட்டி இல்லை என்று ராத்தா இரண்டு தடவை எழுதச் சொன்னார். முழுவதையும் உரக்க வாசிக்கச் சொன்னேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பிறகு நானே இன்னொரு முறை வாசித்தேன், வரிவரியாக. காத்திருந்தார்கள். தேநீர் வந்தது. இவர் தனக்குச் சீனி வேண்டாம் என்றார்.

ராத்தா கையெழுத்து வைத்தார். காப்பு பேனையில் தட்டியது. ஒரு காப்பு. சாட்சிகள் இருவரும் வைத்தார்கள்.

பேனை என்னிடம் வந்தது. கடன் கொடுத்தவர். இத்தனை படிவங்களில், இத்தனை வருடத்தில், இந்த இடத்தில் நான் கையெழுத்து வைத்ததில்லை. இனி ஒன்றிலும் வைக்க மாட்டேன் என்று இவரிடம் சொன்னது நினைவு வந்தது. இவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தேன்.


ஆகஸ்ட் 4, திங்கள்

கச்சான் குறைந்திருக்கிறது. நடந்து போய் நடந்து வந்தேன். ரின்னில் மிஞ்சிய சில்லறைக்கு நேற்றே தேங்காய் வாங்கியாயிற்று. இன்று அதற்குள் எண்பது ரூபா, நாலு இருபது ரூபாக் குத்தி. வெறும் ரின்னில் முதல் குத்தி இவ்வளவு சத்தம் போடும் என்பது மறந்துபோயிருந்தது.